வலி மாத்திரைக்கு அப்புறம் கட்டிக்கொள்ளும் வயிற்றுக்கு எந்த மெக்னீசியம்? டர்பன் பார்மசி அலமாரியிலிருந்து ஒரு விமர்சனம்

டர்பனில் கொஞ்சம் பெரிய பார்மசி எதற்குள் நுழைந்தாலும் மெக்னீசியத்துக்கென்றே ஓர் அலமாரி இருக்கும். தண்ணீரில் போட்டால் நுரைக்கிற மாத்திரை, நல்ல தூக்கத்துக்கு என்று ஊதா நிற டப்பா, கால் பிடித்துக்கொள்கிறவர்களுக்கு என்று ஓட்டக்காரர் படம் போட்ட டப்பா (காம்ரேட்ஸ் மாரத்தான் நெருங்குகிற நாட்களில் இது கடை வாசலுக்கே வந்துவிடும்), குளிக்கும் தண்ணீரில் கலக்க எப்சம் உப்பு, இதெல்லாம் போக ஆகக் கீழ்த் தட்டில் தூசி படிந்து நிற்கும் மில்க் ஆஃப் மெக்னீசியா. நான் எழுதப் போவது அந்தக் கீழ்த் தட்டுப் பாட்டிலைப் பற்றி. ஓபியாய்டு வகை வலி மாத்திரை சாப்பிட்டு வயிறு இறுகிப்போனவர்களுக்கு அந்த அலமாரியில் காசு கொடுத்து வாங்கத் தகுந்தது அதுதான். மேல் தட்டில் இருப்பவை வேறு வேலைக்கு, இரண்டொன்று எந்த வேலைக்கும் இல்லை.

எனக்கு இது ஏன் தேவைப்பட்டது என்றால், என் வீட்டுக்காரருக்குத் தோள்பட்டையில் அறுவை சிகிச்சை. வீட்டுக்கு அனுப்பும்போது டிராமடாலும் பாராசிட்டமாலும் எழுதிக் கொடுத்தார்கள். கையை எப்படித் தூக்க வேண்டும், தையலை எப்படி நனையாமல் பார்க்க வேண்டும், எப்போது திரும்பி வர வேண்டும் என்று அச்சடித்த காகிதம் தந்தார்கள். மலச்சிக்கல் வரும் என்று ஒரு வரி அதில் இல்லை, வாயாலும் யாரும் சொல்லவில்லை. எந்த ஆஸ்பத்திரி என்பது இங்கே தேவையில்லாதது, விசாரித்தால் பல இடங்களிலும் இதே கதைதான் கேட்கிறது. ஆள் வலியோடு படுத்திருக்கிறார், தோளைவிட வயிறுதான் இப்போது பெரிய பிரச்சினை, இதை வெளியில் சொல்லவும் கூச்சம்.

ஓபியாய்டு என்றால் என்ன என்று முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நம் ஆட்களில் பாதிப் பேர் எல்லா வலி மாத்திரையும் ஒன்றுதான் என்று நினைக்கிறார்கள். மார்பின், கோடீன், டிராமடால், ஆக்சிகோடோன் எல்லாம் ஒரு குடும்பம். மார்பினை அபினிலிருந்து பிரித்தெடுத்தவர் செர்ட்யூர்னர் என்ற ஜெர்மன் மருந்தாளுநர், 1800களின் தொடக்கத்தில். கோடீனைப் பிரித்தவர் ரொபிகே என்ற பிரெஞ்சுக்காரர், 1832இல். டிராமடால் ஆய்வுக்கூடத்தில் செய்தது. இவை போய் உட்காரும் ஏற்பி, அதாவது செல்லின் மேல் மருந்து ஒட்டிக்கொள்ளும் இடம், மூளையிலும் தண்டுவடத்திலும் இருக்கிறது, அங்கே வலி குறைகிறது. அதே ஏற்பி குடலின் சுவரிலும் நிறைய இருக்கிறது. அங்கே உட்கார்ந்தால் குடலின் தள்ளும் அசைவு மந்தமாகிறது, சுரக்கும் நீர் குறைகிறது, உள்ளே தங்கிய பொருளிலிருந்து தண்ணீர் மேலும் மேலும் உறிஞ்சப்பட்டுக் கல்லாகிறது. ஓபியாய்டு தரும் மயக்கமும் குமட்டலும் சில நாளில் உடம்புக்குப் பழகிவிடும், இந்தக் குடல் மந்தம் மட்டும் பழகவே பழகாது. மாத்திரை ஓடுகிற வரைக்கும் அதுவும் ஓடும். அதனால் முதல் நாளிலேயே மலமிளக்கியும் கூடவே ஆரம்பிக்க வேண்டும் என்பதுதான் முறை.

பக்கத்து வீட்டு ஆன்ட்டி, நாலு தலைமுறையாக இங்கேயே இருக்கிற குடும்பம், வேலிக்கு அந்தப் பக்கமிருந்தே வைத்தியம் சொன்னார். "வெளக்கெண்ணெ ஒரு கரண்டி குடு கண்ணு, எங்க ஆயா எங்களுக்கு மாசம் ஒருவாட்டி குடுப்பாங்க." தமிழில் அவருக்கு வரும் வாக்கியங்கள் கொஞ்சம்தான், ஆனால் மருந்து விஷயம் என்றால் தமிழ்தான் வருகிறது. விளக்கெண்ணெய் வேலை செய்யும், இல்லை என்று சொல்லமாட்டேன், ஆனால் வயிற்றைப் பிசைந்தெடுத்துவிட்டுத்தான் செய்யும், ஒரு கையைக் கட்டிக்கொண்டு அடிக்கடி கழிப்பறைக்கு ஓட வேண்டிய ஆளுக்கு அது வேண்டாம். ஊரிலிருந்து போனில் அம்மா, இசப்கோல் கொடு என்றார். அது இந்த விஷயத்தில் தப்பான யோசனை. குடலே தள்ளாமல் நிற்கும்போது உள்ளே உப்பிப் பெருகும் நார்ச்சத்தைச் சேர்த்தால் அடைப்பு கூடத்தான் வாய்ப்பு, அதுவும் தண்ணீர் சரியாகக் குடிக்காத நோயாளி என்றால் சொல்லவே வேண்டாம். சென்னா மாத்திரை நல்லது, அது நம்ம நிலாவரைதான், உலகச் சந்தையில் அதில் ஒரு வகையைத் திருநெல்வேலி பெயரில்தான் விற்கிறார்கள். அது குடலை அசைய வைக்கும், மெக்னீசியம் தண்ணீரைப் பிடித்துவைக்கும், இரண்டும் இரண்டு வழி. என் வீட்டுக்காரருக்கு இரண்டையும் சேர்த்துக் கொடுக்கலாம் என்று பார்மசிஸ்ட் சொன்னதால் சேர்த்துத்தான் கொடுத்தேன்.

இனி அந்த வெள்ளை பாட்டில். நான் பள்ளியில் அறிவியல் எடுப்பவள், அதனால் இந்த இடத்தில் கொஞ்சம் நீளமாகத்தான் போவேன், பிடிக்காதவர்கள் இரண்டு பத்தி தாண்டிக்கொள்ளலாம்.

மில்க் ஆஃப் மெக்னீசியாவுக்குள் இருப்பது மெக்னீசியம் ஹைட்ராக்சைடு, தண்ணீரில் கலங்கி மிதக்கும் வெள்ளைத் தூள். கரைந்து இல்லை, மிதந்துகொண்டிருக்கிறது. ஒரு லிட்டர் சுத்தத் தண்ணீரில் அது 10 மில்லிகிராம்கூடக் கரையாது. பாட்டிலைக் குலுக்காமல் ஊற்றினால் முதல் நாள் வெறும் தண்ணீரும் கடைசி நாள் சுண்ணாம்புக் குழம்பும் வருவது இதனால்தான். கரையாமல் இருப்பதே அதன் நல்ல குணமும்கூட. காரப் பொருள்தான், ஆனாலும் கரைவது சொற்பம் என்பதால் வாயையும் தொண்டையையும் பொசுக்காது. காஸ்டிக் சோடாவும் ஹைட்ராக்சைடுதான், அதை யாராவது குடிப்பார்களா?

வயிற்றுக்குள் போனதும் அங்கே இருக்கும் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தோடு சேர்ந்து மெக்னீசியம் குளோரைடும் தண்ணீரும் ஆகிறது. பேக்கிங் சோடா, கார்பனேட் மாத்திரைகள்போலக் கரியமில வாயு வராது, அதனால் ஏப்பம் கிடையாது. மெக்னீசியம் குளோரைடு நன்றாகக் கரையும். அது குடலுக்குள் இறங்குகிறது, ஆனால் மெக்னீசிய அயனி (மின்னூட்டம் ஏறிய அணு) குடல் சுவரைத் தாண்டி ரத்தத்துக்குள் போவது மெதுவாக, கொஞ்சமாக. அயனி சின்னது, மின்னூட்டம் இரண்டு, அதனால் கல்யாணப் பெண்ணைச் சுற்றி நிற்கும் உறவுக்காரிகள் மாதிரி ஆறு தண்ணீர் மூலக்கூறுகள் அதை நெருக்கிக்கொண்டு நிற்கின்றன, எளிதில் விடுவதில்லை. கால்சியம் கொஞ்சம் பெரிய அயனி, தண்ணீரைச் சுலபமாக உதறிவிடும். உள்ளே ஏறாமல் குடலிலேயே தங்கும் அயனிகள், சவ்வூடு பரவலால் தண்ணீரையும் தங்களோடு தங்கவைக்கின்றன. கல்லாக இருந்தது இளகுகிறது, குடல் விரிகிறது, விரிந்த குடல் தள்ளுகிறது. அரை மணி நேரத்திலிருந்து ஆறு மணி நேரத்துக்குள் பலன் தெரியும் என்று அட்டையில் இருக்கும், எங்கள் வீட்டில் ராத்திரி கொடுத்தால் காலை தேநீருக்கு முன்னால் வேலை முடிந்துவிட்டது.

இப்போது அலமாரியின் மேல் தட்டு. இங்கேதான் ஒரு சின்னக் கணக்குப் போட வேண்டும், பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நான் போட வைக்கும் அதே கணக்கு. மெக்னீசியத்தின் அணு நிறை 24.3. மெக்னீசியம் ஆக்சைடின் மூலக்கூறு நிறை 40.3, ஆக எடையில் 60 சதவீதம் மெக்னீசியம். ஹைட்ராக்சைடு 58.3, அதில் 42 சதவீதம். சிட்ரேட்டில் சுமார் 16. கிளைசினேட்டில் 14. எப்சம் உப்பு, அதாவது ஏழு தண்ணீர் மூலக்கூறோடு சேர்ந்த மெக்னீசியம் சல்பேட், அதில் 10கூட இல்லை. டப்பாவின் முன்னால் 1000 மில்லிகிராம் என்று பெரிய எழுத்தில் இருக்கும், அது கிளைசினேட்டின் எடை என்றால் உள்ளே இருக்கும் மெக்னீசியம் 140 சொச்சம்தான். பின்பக்கம் திருப்பி, தனிம மெக்னீசியம் எவ்வளவு என்று சின்ன எழுத்தில் தேடுங்கள். அந்த வரியே இல்லாத டப்பாவை நான் திரும்ப வைத்துவிடுவேன்.

மில்க் ஆஃப் மெக்னீசியாவில் வழக்கமான பாட்டில் 5 மில்லிக்கு 400 மில்லிகிராம் ஹைட்ராக்சைடு. பெரியவர்களுக்கு மலமிளக்கியாக 30 மில்லி என்றால் 2400 மில்லிகிராம், அதாவது கிட்டத்தட்ட 1000 மில்லிகிராம் மெக்னீசியம் ஒரே வீச்சில். இத்தனையை அந்த ஊதா டப்பா கிளைசினேட் மாத்திரையில் எடுக்க வேண்டுமானால் ஏழெட்டு விழுங்க வேண்டும், விலையைப் பார்த்தால் வயிறு தானாகவே கலங்கிவிடும். அதிலும் கிளைசினேட் விற்பவர்கள் பெருமையாகச் சொல்வதே, இது வயிற்றைக் கலக்காது என்பதுதான். நமக்கு வேண்டியது கலக்குவது! சிட்ரேட் வேலை செய்யும், சுவையும் பரவாயில்லை, ஆனால் இங்கே கிடைக்கும் நுரைக்கும் மாத்திரைகளில் அளவு குறைவு. ஆக்சைடு மாத்திரையும் வேலை செய்யும், ஜப்பானில் டாக்டர்கள் மலச்சிக்கலுக்கு அதைத்தான் பரவலாக எழுதுகிறார்கள். வகுப்பில் மெக்னீசிய நாடாவைக் கொளுத்திக் காட்டினால் கண் கூசும் வெளிச்சத்துக்கு அப்புறம் கிண்ணத்தில் விழுகிற வெள்ளைச் சாம்பல் இருக்கிறதே, அதுவும் அந்த மாத்திரையும் ஒரே பொருள்தான். பிள்ளைகள் இதைக் கேட்டதும் அம்மாவின் சத்து மாத்திரையைப் பற்றி ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்கள்.

எப்சம் உப்புக்கு வருவோம். நாள் முழுக்க வகுப்பில் நின்றுவிட்டு வெந்நீரில் கலந்து காலை வைத்தால் சுகமாக இருக்கிறது, அதை மறுக்கவில்லை, ஆனால் அது வெந்நீரின் சுகம். தோல் வழியாக மெக்னீசியம் உள்ளே போகிறது என்பதற்கு நம்பும்படியான ஆதாரம் இல்லை. குடிக்கலாம் என்று அட்டையில் எழுதியிருக்கும் வகையைக் குடித்தால் வயிறு நன்றாகவே போகும், ஆனால் வேப்பங்கொழுந்தே தேவலை என்கிற கசப்பு. இங்கிலாந்தில் எப்சம் என்ற ஊரின் ஊற்றுத் தண்ணீரை மாடுகள் குடிக்க மறுத்தன என்று ஒரு பழைய கதை உண்டு, மாடுகள் சொன்னது சரி.

இன்னொன்று, இது எனக்கே பிடித்த விஷயம் என்பதால் சேர்க்கிறேன். மெக்னீசியத்துக்கும் ஓபியாய்டுக்கும் மலச்சிக்கல் தாண்டியும் ஓர் உறவு இருக்கிறது. வலிச் செய்தியைப் பெரிதாக்கும் நரம்பு ஏற்பி ஒன்று, என்எம்டிஏ என்பார்கள், அதன் வாசல் துவாரத்தில் மெக்னீசிய அயனி அடைப்பானாக உட்கார்ந்திருக்கிறது. 1984இல் கண்டுபிடித்தார்கள். இதை வைத்து, அறுவை அரங்கில் மெக்னீசியம் சல்பேட்டை நரம்பு வழியாக ஏற்றினால் அதன் பிறகு தேவைப்படும் மார்பின் அளவு குறைகிறது என்று பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. இதைப் படித்துவிட்டு, வலி மாத்திரைக்குப் பதில் மெக்னீசியம் மாத்திரை போதும் என்று கிளம்பிவிடாதீர்கள். வாய் வழியாகப் போவதில் பெரும்பங்கு குடலிலேயே நிற்கிறது, ஏறுவதிலும் மிச்சத்தைச் சிறுநீரகம் உடனே வெளியேற்றி ரத்தத்தில் அளவை ஒரே மட்டத்தில் வைத்திருக்கிறது. டிரிப் வேறு, டப்பா வேறு.

பாட்டிலின் குறைகளையும் சொல்ல வேண்டும். சுவை, கரும்பலகைச் சுண்ணக்கட்டியைக் கரைத்துப் புதினா ஊற்றியது மாதிரி. எங்கள் வீட்டில் குடித்தவர் முகத்தைப் பார்த்துப் பிள்ளைகள் சிரித்தார்கள். கூட ஒரு பெரிய டம்ளர் தண்ணீர் கண்டிப்பாகக் குடிக்க வேண்டும், தண்ணீர் இல்லாமல் அயனி எதைப் பிடித்துவைக்கும்? அமிலத்தைக் குறைக்கும் ஒமெப்ரசோல் போன்ற மாத்திரை கூடவே ஓடினால் ஹைட்ராக்சைடு சரியாகக் கரையாமல் பலன் குறையலாம். மெக்னீசியம் மற்ற மருந்துகளைப் பிடித்துக்கொள்ளும் பழக்கமும் உண்டு: சிப்ரோஃப்ளோக்சசின், டெட்ராசைக்ளின் வகை ஆன்டிபயாட்டிக், தைராய்டு மாத்திரை, இரும்பு மாத்திரை எல்லாம் இதனோடு சேர்ந்தால் உடம்பில் சரியாக ஏறாது. தைராய்டு மாத்திரைக்கு நாலு மணி நேர இடைவெளி வேண்டும், ஆன்டிபயாட்டிக்குக்கு எவ்வளவு என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

முக்கியமானது சிறுநீரகம். அது சரியில்லாதவர்களுக்கு இந்த பாட்டில் கூடவே கூடாது. மெக்னீசியம் வெளியேறாமல் ரத்தத்தில் ஏறினால் தசை தளர்ந்து, ரத்த அழுத்தம் இறங்கி, மூச்சும் இதயமும் பாதிக்கப்படும். டர்பனில் நம் ஆட்கள் எத்தனை வீட்டில் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் இருக்கிறது என்று சொல்லத் தேவையில்லை, அதில் எத்தனை பேர் சிறுநீரகப் பரிசோதனை செய்துகொண்டார்கள் என்பதுதான் கேள்வி. அப்படிப்பட்டவர்களுக்கு மேக்ரோகோல் பொடியோ லாக்டுலோஸ் சிரப்போ இருக்கிறது, டாக்டரிடம் கேட்க வேண்டும். கடும் வயிற்று வலி, வாந்தி, வயிறு உப்பல் என்று இருந்தால் எந்த மலமிளக்கியும் கொடுக்காமல் நேரே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

பாட்டில் வாங்கிய கடையைப் பற்றியும் நாலு வரி. டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில், சின்ன பார்மசி. தென்னாப்பிரிக்காவில் மருந்துகளை எண் போட்ட அட்டவணைகளில் வைத்திருக்கிறார்கள், எண் கூடக்கூடக் கட்டுப்பாடும் கூடும். இந்த அலமாரி மெக்னீசியம் எல்லாம் அட்டவணை 0, வெளி அலமாரியில் கிடைக்கும், யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். ஆனால் அந்தக் கடையில் கேட்டார்கள். எதற்கு, யாருக்கு, வயது என்ன, வேறு என்ன மருந்து ஓடுகிறது, சிறுநீரகம் எப்படி? டிராமடால் என்றதும் அந்தப் பெண், கவுண்டரைச் சுற்றி வெளியே வந்து, என் கையிலிருந்த விலை உயர்ந்த டப்பாவை வாங்கித் திரும்ப வைத்துவிட்டுக் கீழ்த் தட்டிலிருந்து பாட்டிலை எடுத்துக் கொடுத்தார். வியாபாரம் தெரியாதவரா என்று எனக்கு ஆச்சரியம். சென்னாவும் அவர் சொன்னதுதான்.

நான் நின்றிருந்தபோதே ஒருவர் கோடீன் கலந்த வலி மாத்திரை கேட்டு வந்தார். இந்த நாட்டில் குறைந்த அளவு கோடீன் கலந்தவை அட்டவணை 2, டாக்டர் சீட்டு இல்லாமலே பார்மசிஸ்ட் கையால் வாங்கலாம், பெயர் பதிவாகும். டிராமடால் அட்டவணை 5, மார்பின் 6, இரண்டுக்கும் சீட்டு வேண்டும். வந்தவரிடம் அந்த பார்மசிஸ்ட் அடையாள அட்டை கேட்டார், போன தடவை எப்போது வாங்கினீர்கள் என்று கேட்டார், தலைவலிக்கா என்று கேட்டார், அடிக்கடி இதைப் போட்டால் அதனாலேயே தலைவலி வரும் என்று விளக்கினார். வந்த ஆள் முணுமுணுத்துக்கொண்டே போய்விட்டார். இணையத்தில் இந்தக் கடைக்கு யாரோ ஒரே நட்சத்திரம் போட்டு, ரொம்பக் கேள்வி கேட்கிறார்கள் என்று எழுதியிருப்பதன் பின்னணி எனக்கு அப்போதுதான் புரிந்தது.

பார்மசிஸ்ட் கேட்பதில் நியாயம் இருக்கிறது. கோடீன் தன்னளவில் பலவீனமான மருந்து, கல்லீரலில் சிஒய்பி2டி6 என்ற நொதி அதில் ஒரு சிறு பங்கை மார்பினாக மாற்றுவதால்தான் அது வலிக்குக் கேட்கிறது. அந்த நொதி சிலருக்கு வேலையே செய்யாது, மாத்திரை வீண். சிலருக்கு அதிவேகமாகச் செய்யும், சாதாரண அளவே ஆபத்தாகும். அதனால்தான் 2017இல் அமெரிக்க மருந்து நிர்வாகம் 12 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்குக் கோடீனும் கூடாது, வலிக்கு டிராமடாலும் கூடாது என்றது. கலவை மாத்திரையில் பாராசிட்டமாலும் இருக்கும், கோடீனுக்காக எண்ணிக்கையைக் கூட்டிக்கொண்டே போகிறவருக்குக் கல்லீரல் முதலில் போகும். சாட்ஸ்வொர்த்துக்காரர்களுக்கு இதையெல்லாம் நான் சொல்ல வேண்டியதில்லை. 'சுகர்ஸ்' என்ற மலிவு ஹெராயின் கலவை இந்தத் தெருக்களில் எத்தனை வீட்டுப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு போனது என்பதை அவர்கள் பார்த்தவர்கள். பக்கத்து வீட்டு ஆன்ட்டி டிராமடால் பெயரைக் கேட்டதும் முகம் மாறி, "அது வேணாம் கண்ணு, தூர போடு" என்றதற்கும் அதுதான் காரணம். அறுவைக்குப் பின் சில நாள், எழுதிய அளவில், வலி குறைந்ததும் நிறுத்துவது வேறு விஷயம் என்று அவருக்குப் புரியவைக்க இரண்டு சாயங்காலம் பிடித்தது. வலியை முழுக்கத் தாங்கிக்கொண்டு அசையாமல் படுத்திருந்தால் தோள் இறுகிவிடும், அதற்கு அப்புறம் பிசியோதெரபியில் அழ வேண்டும்.

விலை விஷயம்: சீட்டுக்கு வாங்கும் மருந்துக்கு இந்த நாட்டில் உற்பத்தியாளர் விலை ஒன்றேதான், 2004லிருந்து அப்படி, அதன்மேல் மருந்து கொடுக்கும் கட்டணத்துக்கும் உச்ச வரம்பு உண்டு. அதனால் டிராமடாலுக்காகக் கடை கடையாக அலைவதில் பெரிய லாபம் இல்லை. அட்டவணை 0 பொருளுக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது, மெக்னீசியம் டப்பா ஒரே தெருவில் இரண்டு விலைக்குக் கிடைக்கிறது. நான் வாங்கிய வெள்ளை பாட்டில், கிளைசினேட் டப்பாவின் விலையில் நாலில் ஒரு பங்குகூட வரவில்லை.

மதிப்பெண். மில்க் ஆஃப் மெக்னீசியாவுக்கு ஐந்துக்கு நாலு, சுவைக்காக ஒன்று வெட்டு. ஆக்சைடு மாத்திரைக்கு மூன்றரை, பயணத்துக்கு வசதி. சிட்ரேட்டுக்கு மூன்று. எப்சம் உப்பு, காலுக்கு நாலு, வாய்க்கு ஒன்று. கிளைசினேட்டுக்கு இந்த வேலைக்கு மதிப்பெண் போட முடியாது, அது வேறு பரீட்சை எழுத வந்தது. வெறுமனே சத்துக்காக மெக்னீசியம் தேடுகிறவர்கள் முதலில் ஹெர்ப்ஸ் என்று இங்கே கட்டு கட்டாக விற்கும் கீரையையும் சுகர் பீன்ஸையும் சாப்பிட்டுப் பாருங்கள், பச்சையத்தின் நடுவில் உட்கார்ந்திருப்பதே மெக்னீசிய அணுதான்.

பார்மசிக்கு நாலரை. மீந்த டிராமடாலைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது மறுபேச்சில்லாமல் அழிப்புக்கு வாங்கிக்கொண்டார்கள், வீட்டு டிராயரில் அது கிடப்பது எனக்குப் பிடிக்கவில்லை. அரை மதிப்பெண் போனது வண்டி நிறுத்த இடமில்லாததால், சனிக்கிழமை காலையில் போகவே போகாதீர்கள்.